இரவல் பெயரில் ஒரு துளி ரத்தம்

கண்ணாடிக் கதவைத் தள்ளக் கை நீட்டினாள்... எடுத்துக்கொண்டாள். மறுபடி நீட்டினாள்... மறுபடி எடுத்துக்கொண்டாள்.

மழை வலுத்துக்கொண்டிருந்தது. ரத்தப் பரிசோதனைக்கூடத்தின் வாசல் படியில் குடையைத் தாழ்த்தி முகத்தை மறைத்தபடி நின்றவளுக்கு, தெருமுனையில் யாரோ தெரிந்தவர் வருவது போலத் தோன்றியது. சட்டென்று திரும்பினாள்.

குடைக் கம்பி யாருடைய தோளிலோ குத்தியது. நீல நிற ஐஸ் பெட்டி ஒன்று ஒரு பக்கமாகச் சரிந்தது. அதைச் சுமந்து வந்தவன் ஒற்றைக் காலில் ஓர் ஆட்டம் ஆடி, பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிமிர்ந்தான்.

"ஏங்க... உள்ள போறீங்களா, வெளிய வர்றீங்களா? ரெண்டுல ஒண்ணு முடிவு பண்ணுங்களேன்."

"உங்களுக்குக் கண்ணு தெரியாதா?"

"எனக்கு நல்லாத் தெரியுது. உங்க குடைக்குத்தான் தெரியல."

கோபம் மூக்கு நுனிக்கு வந்தது அவளுக்கு. உண்மையில் அது அவன்மீது வந்த கோபம் இல்லை. தன்மீதே இருந்த கோபம் இறக்கி வைக்க ஓர் இடம் தேடிக்கொண்டிருந்தது... இவன் வந்து மாட்டினான்.

"பெட்டியைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு என்ன ஆர்ப்பாட்டம்! உள்ள என்ன, வைரமா இருக்கு?"

"வயசானவங்க ரத்தம்ங்க. நடந்து வர முடியாதவங்க வீட்டுக்கெல்லாம் போய் எடுத்துட்டு வர்றேன். ஒரு குழாய் உடஞ்சாலும் அந்தக் கையை மறுபடி போய்க் குத்தணும்... பாவம் இல்ல?"

அந்த 'பாவம் இல்ல?' அவளை நிமிர்ந்து பார்க்க வைத்தது.

இமை நுனியில் ஒரு மழைத்துளி தொங்கிக்கொண்டிருந்தது. அதன் கீழே இரண்டு கண்கள்... வாய் குறை சொல்லிக்கொண்டிருந்தபோதே சிரித்துக்கொண்டிருந்த கண்கள். எத்தனையோ நாட்களாக அவள் யார் கண்ணையும் நேராகப் பார்த்திருக்கவில்லை.

அவன் முதுகாலேயே கதவைத் தள்ளித் திறந்து பிடித்துக்கொண்டான்.

"வாங்க. மழை உள்ள வர்றதுக்குள்ள நீங்க வந்துடுங்க."

வேறு வழியில்லாமல் உள்ளே போனாள்.

அவள் பாலர் காப்பகம் ஒன்றில் சின்னக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவள். குழந்தைகளுக்கு அவள் குட்டி மிஸ். வீட்டிலும் 'குட்டி'தான், அந்தப் பெயரை வைத்ததே அண்ணி. தாய் தகப்பன் இல்லாத வீட்டில் அண்ணன் கையைப் பிடித்து நுழைந்த நாளிலேயே, "இந்த வீட்ல எனக்கு ஒரு குட்டி கெடச்சிருக்கு" என்று அணைத்துக்கொண்டவள் அண்ணி.

அந்த அண்ணிக்குத்தான் அவள் துரோகம் செய்திருந்தாள்.

காப்பகத்தின் ஆண்டு நிகழ்ச்சிக்கு அவள்தான் குழந்தைகளுக்கு ஆடப் பழக்கியிருந்தாள். அன்று காலை உடம்பு கணகணவென்றிருந்தது. கழுத்திலும் கையிலும் பொடிப் பொடியாய்ச் சிவப்பு. லீவு போட்டிருக்க வேண்டும். ஆனால் பக்கத்து வகுப்பு மிஸ் மேடையேறிக் கைதட்டு வாங்கிக்கொண்டு போய்விடுவாளே! முழுக்கைச் சட்டையை மாட்டி, கழுத்தில் பவுடரை அப்பிக்கொண்டு போனாள். நிகழ்ச்சி முடிந்ததும், பார்க்க வந்திருந்த அண்ணி ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு கன்னத்தோடு கன்னம் வைத்தாள். "என்னடி, உடம்பு கொதிக்குது?" "ஓடியாடினேன்ல அண்ணி... அதான்."

அண்ணி அப்போதே மாசமாக இருந்தாள். அதற்கு முன்னால் ஒன்று வயிற்றில் தங்காமல் போயிருந்தது.

சில நாட்கள் கழித்துக் காப்பகத்தின் அறிவிப்புப் பலகையில் ஒரு காகிதம் ஒட்டினார்கள். குழந்தைகள் சிலருக்கு ரூபெல்லா என்ற வைரஸ் காய்ச்சல் வந்திருக்கிறது. மற்றவர்களுக்கு லேசாக வந்து போய்விடும். ஆனால் கர்ப்பிணிகளுக்குத் தொற்றினால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்து... அவள் மறுபடி முதல் வரியிலிருந்து படித்தாள். அன்றே ஓடிப் போய் அண்ணியிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முதலில் தன் ரத்தத்தைப் பார்த்துவிடுவோம், தனக்கு வந்தது வேறு ஏதோ காய்ச்சலாக இருந்துவிட்டால்... யாருக்கும் எதுவும் தெரியவே வேண்டாமே!

வரவேற்பு மேசையில் இருந்த அக்கா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள். "என்ன டெஸ்ட்டும்மா?"

"ரூபெல்லா... ஆன்டிபாடி."

"பேரு?"

தன் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை. எங்கேயாவது பதிந்து, யாராவது பார்த்து, அண்ணன் காதுக்குப் போய்விட்டால்? ஏதாவது ஒரு பெயரைச் சொல்லலாம் என்று தேடியபோது, இரவும் பகலும் மனசுக்குள் உருண்டுகொண்டிருந்த பெயர்தான் நாக்கில் வந்து விழுந்தது. அண்ணியின் பெயர்! சொன்ன பிறகுதான் அவளுக்கே அது காதில் விழுந்தது.

"அட, போன வாரம் செக்கப்புக்கு வந்தீங்கல்ல? பதிவு இருக்கே! எனக்கு முகமே ஞாபகம் நிக்க மாட்டேங்குது. போன் நம்பர் அதேதானே?"

மழைச் சத்தம்... நெஞ்சுக்குள்ளும் ஒரு சத்தம். என்ன கேட்டாள் என்றே மனசில் ஏறாமல் தலையை ஆட்டிவைத்தாள்.

உள்ளறையில் ஊசியோடு நின்றது அவனேதான். ஐஸ் பெட்டிக்காரன்!

"வாங்க குடை மேடம்... உக்கா..." என்று ஆரம்பித்தவன் கையில் இருந்த சீட்டில் 'கர்ப்பிணி' என்றிருந்ததைப் பார்த்தான். முகத்திலிருந்த குறும்பு பொசுக்கென்று இறங்கிவிட்டது. ஓடிப்போய் மெத்தை வைத்த நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"மன்னிச்சுக்கங்கம்மா. நீங்க மாசமா இருக்கறது தெரியாம வாசல்ல வம்பு பண்ணிட்டேன். இதுல சாஞ்சு உக்காருங்க."

"ஐயோ, நான்..."

இல்லை என்றால் பெயர் பொய் என்றாகும். பெயர் பொய் என்றால் ஏன் என்று கேட்பான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவன் அதைத் தாயாகப் போகிறவளின் நாணம் என்று எடுத்துக்கொண்டான் போலிருக்கிறது, குரலே மாறிவிட்டது.

"இந்த டெஸ்ட் என்னன்னு சொல்லியிருக்காங்களா? கிருமி உள்ள வந்தா உடம்பு சும்மா இருக்காது. சண்டை நடக்கறப்போ கம்பெடுத்துக்கிட்டு ஓடி வர்ற ஆளுங்க ஒரு வகை. அவங்க ரத்தத்துல இருந்தா, காய்ச்சல் இப்பத்தான் வந்துட்டுப் போயிருக்குன்னு அர்த்தம். சண்டை ஓஞ்சப்புறமும் வீட்டுக்குப் போகாம வாசல்லயே காவல் இருக்கறவங்க இன்னொரு வகை. இவங்க மட்டும் இருந்தா பயமே இல்ல. எப்பவோ வந்ததோ, எப்பவோ தடுப்பூசி போட்டதோ... காவல் இருக்கு, அவ்வளவுதான்."

"காவல் இல்லாதவங்களா இருந்தா?"

"சீக்கிரமாத் தெரிஞ்சுக்கறது நல்லது. அதுக்குத்தானே வந்திருக்கீங்க? சொல்லாம மறைச்சு வெக்கறவங்கதான் மாட்டிக்கறாங்க."

ஊசி இறங்கியது தெரியவில்லை. அந்த வார்த்தை இறங்கியது தெரிந்தது.

பஞ்சை வைத்து அவள் விரலை அதன்மேல் வைத்தான். "விடாம அழுத்திப் புடிங்க. பாதியில விட்டா நீலம் பாரிச்சுடும்." பிறகு தன் பையைத் துழாவி ஒரு பிஸ்கட் பொட்டலத்தை எடுத்து நீட்டினான். "இது உங்களுக்கு இல்ல. உள்ள இருக்கற ஆளுக்கு."

அவ்வளவுதான். பொலபொலவென்று கண்ணீர்.

"வலிச்சுதா?" பதறிப் போனான்.

"இல்ல..."

"பயப்படாதீங்கம்மா. சாயங்காலம் கும்பிடறப்போ உங்க புள்ளைக்கும் சேத்து ஒரு வார்த்தை வேண்டிக்கறேன்."

படியிறங்கும்போது பின்னால் அவன் குரல் வந்தது. "மெதுவா... மெதுவா. படி வழுக்கும்."

மழையில் நடந்தாள். கையில் திருடின பொருள் போல ஒரு பிஸ்கட் பொட்டலம். எனக்கு இல்லாத மரியாதை, எனக்கு இல்லாத பிள்ளை, எனக்கு இல்லாத பெயர்... அத்தனைக்கும் அந்த மனுஷன் அன்பைக் கொட்டுகிறான். நானும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு வருகிறேன்! ஒன்று மட்டும் ஆறுதலாக இருந்தது. அவன் வேண்டுதல் தப்பான விலாசத்துக்குப் போகவில்லை. அது அண்ணியின் பிள்ளைக்குத்தான் போய்ச் சேரும்.

ஆனாலும் அந்தக் கண்கள்... 'சீ, அதை நினைக்க எனக்கு என்ன யோக்கியதை?'

அண்ணி நீச்சல் பயிற்சியாளர். இப்போது தண்ணீரில் இறங்குவதில்லை; கரையில் நின்று விசில் ஊதுவதோடு சரி. அந்த விசில் வீட்டிலும் கழுத்தில் தொங்கும். சாப்பாட்டுக்குக் கூப்பிட ஒரு ஊதல், அண்ணன் குறட்டைக்கு இரண்டு ஊதல். மறுநாள் மாலை மேசையைச் சுற்றி மூவரும் உட்கார்ந்திருந்தபோது அண்ணியின் கைபேசி கிணுகிணுத்தது.

"லேப்லேர்ந்து... போன வாரம் குடுத்த ரத்தத்துக்கு இன்னுமா ரிசல்ட் அனுப்பறாங்க?" என்று எடுத்துப் பார்த்தவள், அப்படியே உறைந்துவிட்டாள். "குட்டி... இதைக் கொஞ்சம் படி. எனக்குச் சரியாப் புரியல."

'ரூபெல்லா: அண்மைத் தொற்றுக்கான எதிர்ப்பொருள் காணப்படுகிறது. உடனே மருத்துவரை அணுகவும்.' மேலே அண்ணியின் பெயர்.

போன் நம்பர் அதேதானே... அப்போது மனசில் ஏறாத கேள்வி இப்போது இடி போல இறங்கியது.

"என்னம்மா அது?" என்று எழுந்து வந்தான் அண்ணன். லிஃப்ட் பழுது பார்க்கிறவன். விரல் இடுக்கெல்லாம் கிரீஸ் கறை. படித்துப் பார்த்துவிட்டு, அந்தக் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டான். பரிசோதனைக்கூடத்துக்குப் போன் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

அண்ணி எழுந்து போனாள். அலமாரியின் கீழ்த்தட்டைத் திறந்தாள். போன தடவை வாங்கி, போட ஆளில்லாமல் எடுத்து வைத்த ஒரு ஜோடி குட்டிக் காலுறை அங்கே இருந்தது. கையில் எடுத்தாள். மறுபடி மடித்து உள்ளே வைத்தாள். இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்தாள்.

சொல்லிவிடு... இப்போதே சொல்லிவிடு.

"அண்ணி..."

"என்னடி?"

"தண்ணி... தண்ணி வேணுமா?"

தன் வாயைத் தானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

காலையில் அண்ணனை வேலைக்கு அவசரமாகக் கூப்பிட்டுவிட்டார்கள். அண்ணியும் அவளும்தான் போனார்கள். பரிசோதனைக்கூடத்தைக் கவனிக்கும் டாக்டரம்மா, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு கணினியைப் பார்த்தார்.

"இது போன வாரம் எடுத்த ரத்தம் இல்லம்மா. முந்தாநாள் நீங்க வந்து குடுத்தது."

"முந்தாநாளா? நான் குளத்தங்கரையில விசில் ஊதிக்கிட்டு இருந்தேன் டாக்டர். இந்தப் பக்கமே வரல."

டாக்டரம்மா புருவத்தைச் சுருக்கினார். "முந்தாநாள் எடுத்தது யாரு? கூப்பிடு அவன!"

கையைத் துடைத்துக்கொண்டே வந்தான் அவன். அந்தப் பெயருக்கு உரியவள் என்று எழுந்து நின்ற அண்ணியைப் பார்த்தான். அவள் தோளுக்குப் பின்னால் ஒடுங்கி நின்ற இன்னொருத்தியைப் பார்த்தான். ஒரு கணம்... ஒரே கணம். அவன் முகத்தில் எல்லாம் புரிந்தது போல ஒரு வெளிச்சம் வந்தது. அடுத்ததாக, அவள் கண்களில் இருந்த கெஞ்சலையும் அவன் படித்துவிட்டான்.

"தப்பு என்னோடது டாக்டர். குழாய்ல பேரை மாத்தி ஒட்டிட்டேன்."

"என்னய்யா சொல்ற? பேரைக் கேட்டு, சரிபாத்து, அப்புறம் ஒட்டுன்னு தலைப்பாடா அடிச்சுக்கறேனே! வயித்துப் புள்ளக்காரிக்கு இப்படி ஒரு ரிசல்ட்ட அனுப்பினா அவ பிராணன் போயிடாதா? இந்தம்மாவுக்கு ரத்தம் எடுத்துக் குடுத்துட்டுக் கோட்டைக் கழட்டி வெச்சுட்டுப் போ. நாளையிலேர்ந்து வராதே!"

அவள் வாயைத் திறந்தாள். காற்று மட்டும் வந்தது. காத்திருந்தவர்கள் எல்லாரும் அவனையே பார்த்தார்கள். ஒரு கிழவர் 'உச்' கொட்டினார். அவன் தலையைக் குனிந்துகொண்டு கையுறையை மாட்டினான். அவளைப் பார்க்கவில்லை. 'நீ சொல்லேன்' என்று அந்தக் கண்கள் ஒரு தடவை கேட்டிருந்தால்கூடத் தேவலை. கேட்கவில்லையே... அதுதான் சுட்டது.

அண்ணியின் கையில் அவன் பஞ்சை வைத்தபோது, "மன்னிச்சுடுங்கம்மா" என்றான்.

"விடுப்பா. தப்பு பண்ணாத மனுஷன் யாரு? வேற நல்ல எடமாக் கெடைக்கும்" என்றாள் அண்ணி.

பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார்கள். தூறல் போட ஆரம்பித்தது. அண்ணிக்குப் போன உயிர் திரும்பி வந்திருந்தது. தெருவென்றும் பாராமல் விசிலை எடுத்து ஒரு ஊது ஊதினாள். "அப்பாடா! அது என் ரத்தமே இல்லையாம் குட்டி! உங்க அண்ணனுக்குப் போன் போட்டுச் சொல்லு..." என்று சிரித்தவள், நாலடி போனதும் நின்றுவிட்டாள்.

"என்ன அண்ணி?"

"அப்போ அந்த ரத்தம் யாரோ ஒரு பொண்ணோடதுதானே? அவளுக்கு யாராச்சும் சொல்லியிருப்பாங்களா? அவளும் என்னை மாதிரி மாசமா இருந்தா?" அண்ணி கண்ணை மூடி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "கடவுளே, அவ யாரா இருந்தாலும் அவளையும் பாத்துக்க... பாவம் இல்ல, குட்டி?"

பாவம் இல்ல... அதே வார்த்தை!

உள்ளே ஏதோ உடைந்தது.

"அண்ணி... அந்தப் பொண்ணு நான்தான்."

"என்னடி உளர்ற?"

"அந்த ரத்தம் என்னோடது. உங்க பேரைச் சொல்லிக் குடுத்தேன். அவரு மேல தப்பே இல்ல. நிகழ்ச்சி அன்னைக்கு எனக்கு வந்த காய்ச்சல்... அதுதான் இது. அதோடதான் நீங்க என்னைக் கட்டிப் புடிச்சீங்க."

குடை அண்ணியின் கையில் சாய்ந்தது. தூறல் அவள் நெற்றியில் விழுந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

"உடம்பு கொதிச்சுது. கேட்டேன். ஓடியாடினதாலன்னு சொன்ன."

"ஆமா."

"என்கிட்ட சொல்ல அவ்வளவு பயமா?"

"பயம் இல்ல அண்ணி... வெக்கம்."

"என் புள்ளைய விட உன் வெக்கம் பெருசாப் போச்சா?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அடித்திருந்தால் காலில் விழுந்திருப்பாள். அண்ணி மெதுவாகத்தான் கேட்டாள். அவள் ரோட்டோரத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அண்ணி குடையை நிமிர்த்திப் பிடித்தாள்.

"நடடி," என்றாள் அண்ணி.

"எங்க?"

"வந்த எடத்துக்கு. அந்தப் பையன் கோட்டைக் கழட்டறதுக்கு முன்னாடி."

"அண்ணி, உங்க..."

"என் புள்ள கடவுள் கையில இருக்கு. எடுத்த ரத்தம் அங்க டெஸ்ட்ல இருக்கு. அந்தப் பையன் பொழப்பு மட்டும்தான் இப்ப உன் கையில இருக்கு. நடடின்னேன்ல!"

தெருமுனை திரும்பியபோது, தோளில் பையோடு எதிர்ப்பக்கமாக அவன் போய்க்கொண்டிருந்தான். வெள்ளைக் கோட்டு இல்லாமல் ஏனோ சின்னப் பையன் போல இருந்தான்.

பீஈஈஈப்! அண்ணியின் விசில் தெருவையே நிறுத்தியது. ஒரு சைக்கிள்காரர் பிரேக் போட்டார்.

"ஏம்ப்பா! கோட்டில்லாத கோட்டு! நில்லு அங்கேயே!"

அவனையும் இழுத்துக்கொண்டு மூவரும் உள்ளே நுழைந்தார்கள். உச் கொட்டின கிழவர் இன்னும் அங்கேயே உட்கார்ந்திருந்தார். அத்தனை பேர் முன்னால், உரக்கச் சொன்னாள். முதலில் தன் சொந்தப் பெயரைச் சொன்னாள். பிறகு காய்ச்சலை, பவுடரை, கைதட்டு ஆசையை, இரவல் வாங்கிய பெயரை... ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லச் சொல்ல முகம் எரிந்தது. ஆனால் ஆச்சரியம்... மூச்சு மட்டும் சுலபமாக வந்தது.

டாக்டரம்மா நெற்றியில் இருந்த கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கி அவளைப் பார்த்தார்.

"ஏம்மா, இந்த எடத்துல பேருதான் உயிர். நீ மாத்திச் சொன்ன பேரால இன்னைக்கு ரெண்டு குடும்பம் அழுதிருக்கும். காப்பகத்துல எத்தனை அம்மாக்கள் மாசமா இருக்காங்களோ! முதல்ல அங்க போன் பண்ணு. இங்க, என் முன்னாடியே."

பண்ணினாள். காப்பகத்தின் பெரிய மிஸ் முழுவதும் கேட்டுவிட்டு, "லேட்டாச் சொன்னாலும் சொன்னியே. ரெண்டு அம்மாக்கள் இருக்காங்க, இப்பவே டாக்டர்கிட்ட அனுப்பறேன்" என்றார்.

டாக்டரம்மா அவன் பக்கம் திரும்பினார். "நீ! பெரிய தியாகியா? உன் பொய் அப்படியே நின்னிருந்தா, அந்த ரிசல்ட் யாரோடதுன்னே தெரியாமப் போயிருக்கும். கோட்டை மாட்டு. ஆனா ஒரு வாரத்துக்கு ஊசி கெடையாது, ஐஸ் பெட்டிதான்."

"சரிங்க டாக்டர்" என்றான். அவன் சிரிக்காமலிருக்கப் பட்ட பாடு அவளுக்குத் தெரிந்தது.

அண்ணியின் ரத்தத்தை உடனே பார்க்கச் சொன்னார் டாக்டரம்மா; ரிசல்ட் வரும்வரை காத்திருக்க வேண்டும். அண்ணி பெஞ்சில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. அவளுக்கு அண்ணி பக்கத்தில் உட்காரத் துணிவில்லை. வாசல் படிக்கு வந்தாள். கொஞ்ச நேரத்தில் அவனும் வந்து, இரண்டு படி தள்ளி நின்றான்.

"ஏன் அப்படிச் சொன்னீங்க? நான் யாரு உங்களுக்கு?"

"தெரியல. உங்க கண்ணுல அவ்வளவு பயம். நான் வேலையத்தான் எழப்பேன். நீங்க வீட்டையே எழந்துடுவீங்களோன்னு தோணிச்சு. யோசிக்கல... வாய் முந்திக்கிச்சு. டாக்டர் சொன்னப்புறம்தான் அது எவ்வளவு பெரிய தப்புன்னு உறைக்குது."

"நான் பேசாம நின்னேனே... உங்களப் போகவிட்டுட்டு!"

"திரும்பி வந்தீங்கல்ல?"

"அண்ணி இழுத்துட்டு வந்தாங்க."

"உண்மையை அண்ணியா சொன்னாங்க?"

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"வெக்கப்பட வேண்டியது நீங்க மட்டும் இல்லங்க. நானும்தான். முந்தாநாள்லேர்ந்து..."

பீஈஈப்! உள்ளிருந்து விசில்.

இருவரும் ஓடினார்கள். கையில் காகிதத்தோடு அண்ணி நின்றுகொண்டிருந்தாள். டாக்டரம்மா சொல்லிக்கொண்டிருந்தார். "புதுசா எதுவும் இல்லம்மா. பழைய எதிர்ப்பு மட்டும் நல்லாவே இருக்கு. எப்பவாவது தடுப்பூசி போட்டீங்களா?"

"மொதல்ல ஒண்ணு தங்காமப் போச்சுல்ல டாக்டர்... அப்ப ஏதோ ஊசி போட்டாங்க. அடுத்த புள்ளைக்கு நல்லதுன்னாங்க. நான் அழுதுகிட்டு இருந்தேன், என்ன ஊசின்னுகூடக் கேக்கல."

"அதுதான் இது. எதுக்கும் உங்க பிரசவ டாக்டர்கிட்ட இதைக் காட்டிடுங்க. புள்ளைக்குப் பயமில்ல."

காவல் இருந்திருக்கிறது! அவள் உறங்காமல் புரண்ட அத்தனை இரவிலும், வாசலில் காவல் இருந்துகொண்டே இருந்திருக்கிறது. அன்றைக்கே அண்ணியிடம் ஓடியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். தங்காமல் போன அந்தப் பிள்ளை, தான் போகும்போது தம்பிக்கோ தங்கைக்கோ ஒரு காவலை வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறது... அவள் சுவரில் சாய்ந்து, வாய்விட்டு அழுதாள்.

அண்ணி வந்து அவள் தலையில் கை வைத்தாள். அண்ணியும் அழுதாள்.

"கோவம் தீரல எனக்கு. நாளைக்கும் இருக்கும். அதுக்காக உன்ன விட்டுட முடியுமா? இனிமே உடம்பு சுட்டா என்கிட்டதான் மொதல்ல சொல்லணும். போ, தண்ணி கொண்டா. இப்ப நெஜமாவே வேணும்."

தண்ணீர் பிடிக்கும் மூலையில் அவன் முன்னாலேயே போய்த் தம்ளரோடு நின்றான்.

"என்னமோ சொல்ல வந்தீங்க..." என்றாள், கண்ணைத் துடைத்தபடி.

"வேணாங்க. சொன்னா சிரிப்பீங்க."

"எனக்குச் சிரிச்சு ரொம்ப நாளாச்சு. சொல்லுங்க."

அவன் காது மடல் சிவந்துவிட்டது. "முந்தாநாள் சாயங்காலம் உங்க புள்ளைக்காக வேண்டிக்க உக்காந்தேன். கண்ண மூடினா புள்ள வரல... நீங்கதான் வந்தீங்க. குடையும் கையுமா. தூக்கிவாரிப் போட்டுச்சு. அடுத்தவர் சம்சாரம், அதுவும் மாசமா இருக்கறவங்க! 'கடவுளே, எனக்குப் புத்தி பெரண்டு போச்சா, என்னை மன்னிச்சுடு'ன்னு நேத்து முழுக்கக் கெஞ்சிக்கிட்டே இருந்தேன். ஒரு வேளை பட்டினிகூடக் கெடந்தேன்."

அவள் சிரித்துவிட்டாள். கண்ணீரோடு, மூக்குறிஞ்சலோடு வந்த சிரிப்பு. பிறகு அந்தச் சிரிப்பு எங்கே போய் நிற்கிறது என்று புரிய, முகம் முழுதும் சூடேறியது.

"இன்னைக்கு..." அவன் குரல் தேய்ந்தது. "இன்னைக்கு அந்த மன்னிப்பைத் திருப்பி வாங்கிக்கலாமான்னு கேக்கணும். கடவுள்கிட்டயும்... உங்ககிட்டயும். உங்கள எனக்குப் புடிச்சிருக்குங்க. உங்க சொந்தப் பேரை நீங்க இன்னைக்கு எல்லார் முன்னாடியும் சொன்னீங்களே... அந்தப் பேரோட."

"இவ்வளவு கேவலமா நின்னதப் பாத்தப்புறமுமா?"

"பாத்ததாலதான்."

அண்ணியின் பெஞ்சிலிருந்து விசில் ஒரு தடவை கேட்டது, தண்ணீருக்காக. இன்னொரு தடவை கேட்டது. அது எதற்கென்று அண்ணிக்குத்தான் தெரியும்.

அவன் தம்ளரை நீட்டினான். வாங்கப் போனவளின் கை பட்டுத் தண்ணீர் தளும்பியது. தம்ளரோடு சேர்த்து அவன் விரல்களையும் பிடித்துக்கொண்டாள். இந்தத் தடவை அந்தக் கண்களை நேராகப் பார்த்தாள்.

"விடாம அழுத்திப் புடிங்க," என்றாள். "பாதியில விட்டா... நீலம் பாரிச்சுடுமாம்."